ஆறப்போடும் நாள்

முதலாளியின் கடிதம் வந்த அன்று மேனேஜர் வீட்டில் மத்தியானத்துக்கு உருளைக்கிழங்கு அவித்திருந்தார்கள். அவர் ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்தார். தோல் முழுவதும் போன பிறகும் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கோலிக்குண்டு அளவுக்குத்தான் கையில் மிஞ்சியது. அதையும் அவர் சாப்பிடவில்லை.

"உப்பு போதலீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"டன் போதல" என்றார்.

நான் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எடைமேடைக்காரன். வாசலில் தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்பு மேடை பதித்திருக்கும். லாரி வெறுமனே வரும்போது ஒரு தடவை, சரக்கோடு போகும்போது ஒரு தடவை அதில் ஏறி நிற்கும். இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. இருபத்திரண்டு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி வீட்டு வரிசையில் மேனேஜருக்கு அடுத்த வீடு எனக்கு. மனைவி போன பிறகு மத்தியானச் சாப்பாடு அவர்கள் மேசையில்தான். தொழிற்சாலைக் கேட்டுக்கு உள்ளே அவரை 'சார்' என்பேன், வீட்டில் 'தம்பி'. இதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அந்த மேசையில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருத்தி மேனேஜரின் அக்கா. புருஷன் செத்த வருஷம் தம்பி வீட்டுக்கு வந்தவள். ஆனால் தொழிற்சாலைக்குத் தம்பிக்கு முன்னாலேயே வந்தவள். இங்கே மேனேஜர் வேலை காலி என்று கேள்விப்பட்டுத் தம்பியின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான். இன்னொருவன் மேனேஜர் மனைவியின் தம்பி, பெரிய ஷெட்டில் பசை காய்ச்சுகிறவன். அவனை எல்லோரும் பசை மாஸ்டர் என்போம்.

தொழிற்சாலைக்கு இரண்டு ஷெட். பெரிய ஷெட்டில் இயந்திரம் இருந்தது. காகிதச் சுருளை நெளித்து, பசை தடவி, மேலும் கீழும் தாள் ஒட்டி அட்டையாகத் தள்ளும். பழத்துக்கும் மின்விசிறிக்கும் பெட்டி அங்கேதான் வெட்டுவார்கள். சின்ன ஷெட்டில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து மாத்திரைப் பெட்டியும் சோப்புப் பெட்டியும் கையால் மடித்து ஒட்டுவார்கள். அவர்களுக்குத் தலைவி அக்கா. பத்தொன்பது வருஷம். அந்த ஷெட்டுக்குள் அவள் நடந்து போனால் பேச்சு தானாக அடங்கும். வீட்டுக்கு வந்தால் அவள் தம்பி வீட்டில் இருக்கிற நாத்தனார், அவ்வளவுதான். யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயம்.

மேனேஜர் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார். "மூணு மாசம் டைம் குடுத்திருக்காரு. டன்ன ஏத்திக் காட்டணுமாம். அதுக்குள்ள ரெண்டு ஷெட்ல ஒண்ண மூடிறணுமாம். எதுன்னு நானே முடிவு பண்ணி எழுதணுமாம்."

"அவருதானே முதலாளி, அவரே முடிவு பண்ணா என்னவாம்?" என்றாள் மனைவி.

"அப்புறம் திட்டு வாங்க ஒரு ஆள் வேணும்லக்கா" என்றான் பசை மாஸ்டர்.

மேனேஜரின் அக்கா தட்டைக் கழுவப் போனவள் திரும்பி நின்றாள். "டேய் தம்பி, மாத்திரைப் பெட்டி எடை நிக்காதுடா. ஆயிரம் பெட்டி சேர்ந்தாத்தான் ஒரு ஆள் தூக்கற சுமை. டன்னுல அளந்தா நாங்க எப்பவும் கீழதான் கிடப்போம்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி" என்று போய்விட்டாள்.

மறுநாளே மேனேஜர் கேட்டுக்குப் பக்கத்தில், என் அறைக்கு எதிரே, ஒரு கரும்பலகை மாட்டினார். அன்றைக்கு வெளியே போன டன் எவ்வளவு என்று சாயங்காலம் சாக்பீஸால் எழுதுவார். இரண்டு ஷெட்டும் சேர்த்து ஒரே எண். காலையில் எட்டு மணிக்கு நின்றபடியே மீட்டிங் வைத்தார். நின்றபடி என்றால் சீக்கிரம் முடியும் என்று எங்கோ படித்திருந்தாராம். கால் வலித்ததே தவிர மீட்டிங் முடியவில்லை. இயந்திரம் நிற்காமல் இருக்க டீ நேரத்தை இரண்டாகப் பிரித்தார். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

நான்காவதாக ஒன்று செய்தார். இயந்திரத்திலிருந்து வரும் அட்டையை ஒரு நாள் முழுக்க மரச்சட்டங்களில் அடுக்கி வைப்பது வழக்கம். பசையின் ஈரம் போகும்வரை அது கிடக்கும். இதை ஆறப்போடுவது என்போம். மறுநாள்தான் வெட்டிப் பெட்டியாக்குவார்கள். மேனேஜர் அந்தச் சட்டங்களுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "சரக்கு படுத்துத் தூங்கறதுக்கு நாம ஏன் இடம் குடுக்கணும்?" என்றார். அன்றிலிருந்து காலையில் வந்த அட்டை சாயங்காலமே லாரி ஏறியது.

முதல் மாதம் எண் இறங்கியது. மேனேஜர் காகித ஆலையைச் சொன்னார், மின்சாரத்தைச் சொன்னார், மழையைச் சொன்னார். மழை உண்மையாகவே பெய்தது. ஷெட்டுக் கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நான் இருபத்திரண்டு வருஷத்தில் நான்கு மேனேஜர்களைப் பார்த்தவன். எண் இறங்கினால் எல்லோருக்கும் ஆலை, மின்சாரம், மழை. ஏறினால் மீட்டிங். இதில் இவர் மோசம், அவர் நல்லவர் என்று சொல்வதற்கில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டில் அவர் பேச்சை நிறுத்தினார். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமலே சாப்பிட்டார். ஒருநாள் காலையில் முகம் மழித்துவிட்டு வந்து, டீ குடித்து, மறுபடியும் போய்ச் சோப்புப் போட்டு மழித்தார். தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். மனைவி பஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது மாதம் எண் ஏறத் தொடங்கியது.

கரும்பலகையில் ஏறுவதற்கு முன்னால் என் மேடையில்தான் அது ஏறியது. ஒரு லாரிக்கு நானூறு கட்டு என்பது கணக்கு. எட்டு டன் வரும். முன்னே பின்னே ஐம்பது கிலோ. இப்போது அதே நானூறு கட்டு எட்டேகால் வந்தது, எட்டரை வந்தது. ஒருநாள் எட்டு டன் எழுநூறைத் தாண்டியது. மேடையில் கோளாறோ என்று வெறும் லாரியை இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். மேடை சரியாகத்தான் இருந்தது.

பசை அறைக்குப் போனேன். பெரிய தொட்டியில் மாவு கொதித்துக்கொண்டிருந்தது. பசை மாஸ்டர் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தான். முழங்கைவரை வெள்ளை காய்ந்து தோல் மாதிரி உரிந்து தொங்கியது.

"என்னப்பா, அட்டைக்கு ஊட்டம் ஏதாவது குடுக்கறியா? கட்டு நானூறுதான் ஏத்துறாங்க, எண்ணு மட்டும் தாண்டிக்கிட்டுப் போகுது" என்றேன்.

"நல்லா ஒட்டணும்லண்ணே. பெட்டி பிரியுதுன்னு பழக் கம்பெனிக்காரன் சொன்னான்ல."

"அது போன வருஷம் சொன்னது."

"இந்த வருஷம் சொல்லாம இருக்கணும்ல."

சிரித்தான். பிறகு துடுப்பை நிறுத்தினான். "அண்ணே, மாமா ரெண்டாந்தடவ ஷேவ் பண்ணாரே, பார்த்தீங்கள்ல? அவருக்கே தெரியல. எங்க அக்கா குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவுது, சத்தம் கேக்கக்கூடாதுன்னு. போர்டுல எண்ணு ஏறுச்சுன்னா அன்னிக்கு அந்த மனுஷன் தொண்டையில சோறு எறங்குது. நான் வேற என்னத்தண்ணே செய்ய முடியும்? மீட்டிங் வைக்கவா முடியும்? எனக்குத் தெரிஞ்சது பசை காய்ச்சறது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

எண் ஒரு அளவைத் தாண்டிய வெள்ளிக்கிழமை மேனேஜர் எல்லோருக்கும் பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். சின்ன ஷெட்டுப் பெண்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். நானும் ஒன்று வாங்கினேன். டீயில் தொட்டுத் தொட்டு அன்றைக்கே தின்று தீர்த்தேன்.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மேனேஜர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாவது முட்டை வாங்கிக்கொண்டார். ஷெட்டிலிருந்து நேரே வந்த அக்கா கையில் ஒரு பெட்டி வைத்திருந்தாள். பெரிய ஷெட்டுப் பெட்டி, பழத்துக்கானது. மேசையின் நடுவில், அவர் தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"டேய் தம்பி, இத ஒரு தடவ தொட்டுப் பாரு."

"இது எங்க ஷெட்டு... பெரிய ஷெட்டுப் பெட்டில்ல? உனக்கெப்படிக் கிடைச்சுது?"

"குழாயடியில கிடந்துச்சு. தொட்டுப் பாருன்னு சொன்னேன்."

"மழைக்காலம்க்கா. காகிதம் ஈரம் இழுக்கத்தான் செய்யும்." அவர் தொடவில்லை. கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்களுக்குத் தெரியும்ல, எட்டு மணி மீட்டிங் வச்ச பிறகுதானே ஏறுச்சு? ஜனங்களுக்கு எண்ண முன்னால காட்டணும்ணே. காட்டினா அவங்களே ஓடுவாங்க. நான் இத மொதல்லயே பண்ணியிருக்கணும். அஞ்சு வருஷம் வீணடிச்சுட்டேன்."

மேசையில் இடமில்லை. பேசிக்கொண்டே தண்ணீர் ஜக்கைத் தூக்கி அந்தப் பெட்டியின்மேல் வைத்தார். பெட்டியின் ஒரு மூலை மெல்ல உள்ளே போனது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல் இறங்கியது. நான் பார்த்தேன். பசை மாஸ்டர் பார்த்துவிட்டுத் தட்டுக்குள் குனிந்துகொண்டான். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் முட்டையைப் பிட்டேன்.

ஜக் சாய்வதற்குள் அவளே அதைப் பிடித்துக் கீழே வைத்தாள். "சின்ன ஷெட்டுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டாள்.

"நான் பண்ணலக்கா. எண்ணு சொல்லுது. பெரிய ஷெட்டு இந்த வேகத்துல ஏறும்போது அதுக்குத்தானே ஆள், எடம் எல்லாம் குடுக்கணும்? நாளைக்கு எழுதி அனுப்பறேன்."

"எண்ணு வாயத் தொறந்து சொல்லுச்சாக்கும்."

"அக்கா, உனக்கு என்ன கொறை வரப்போகுது? வீட்ல இரு. இத்தனை வருஷம் ஓடுனது போதாதா?"

"வீட்லயா" என்றாள் அக்கா. மேனேஜர் மனைவி பெட்டியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். "வெங்காயம் போட ஆகும் அண்ணி" என்றாள்.

சின்ன ஷெட்டை மாதக் கடைசியில் மூடினார்கள். அன்றைக்கு நாற்பது பேரும் வழக்கம்போல வந்து வழக்கம்போல மடித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் தாள் தீர்ந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கடைசிக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தானே தள்ளிக்கொண்டு என் மேடைக்கு வந்தாள்.

"எவ்வளவுண்ணே?"

"நூத்தி அறுபது."

"எழுதிக்குங்க." சீட்டை வாங்கி மடித்தாள். அவள் மடித்தால் கத்தியால் கீறியது மாதிரி ஓரம் நிற்கும். "நீங்களும் பார்த்தீங்கள்ல அண்ணே, அன்னிக்கு?"

"எத?"

அவள் வண்டியைத் திருப்பினாள். சாவியைத் தம்பியின் மேசையில் வைத்துவிட்டு, பெண்களோடு சேர்ந்து கேட்டைத் தாண்டிப் போனாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த லாரி வந்தது. எடை போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் அவள் இருந்ததைப் பார்த்தேன். பழக்கத்தில் விடியும்போதே குளித்து, தலை பின்னி, செருப்பைப் போட்டுக்கொண்டு ஏழரைக்கு வாசல்வரை வருவாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போவாள். அடுப்படியில் இரண்டு பெண்களுக்கு வேலை இல்லை. "நான் பார்த்துக்கறேன் அண்ணி, நீங்க உக்காருங்க" என்பாள் மேனேஜர் மனைவி. நல்ல மனசோடுதான் சொன்னாள். அக்கா உட்காருவாள். பழைய செய்தித்தாளை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஓரம் நீவி மடிப்பாள். அடுக்கு பெரிதானதும் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடியும் மடிப்பாள்.

மழை விட்டு வெயில் அடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பழக் கம்பெனியிலிருந்து ஒரு லாரி திரும்பி வந்தது. எங்கள் சரக்கு, எங்கள் கயிறு. மேலே இருந்த கட்டுகள் நசுங்கியிருந்தன. டிரைவர் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"பழத்த வச்சு எட்டு அடுக்கு ஏத்தினாங்களாம். அடில இருந்ததெல்லாம் உக்காந்துருச்சு. பழமெல்லாம் கூழாயிருச்சு. அது முந்தின லோடு, இது பழம் வைக்காத கட்டு. இனிமே உங்க பெட்டியே வேணாம்னு சொல்லிட்டாங்க. பத்து நாளா வெயில்ல போட்டு வச்சுருந்தாங்க, எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"எத்தன கட்டு?"

"ஒரு லாரி அப்படியே. நானூறு."

மேனேஜர் அதற்குள் வந்துவிட்டார். திரும்பி வரும் சரக்கையும் எடை போட வேண்டும் என்பது விதி. போட்டேன். போனபோது எழுதிய சீட்டைத் தேடி எடுத்தேன். எட்டு டன் எழுநூற்று இருபது. இப்போது எட்டு டன் முப்பது. நான் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் இரண்டு சீட்டின் மேலும் விரலை ஓட்டினார்.

"கட்டு குறையுதா?"

"எண்ணியாச்சு சார். நானூறு."

"அப்ப எழுநூறு கிலோ எங்கண்ணே போச்சு?"

கேட்டுக்கு உள்ளே அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வெயில்ல போயிருச்சு சார்" என்றேன்.

அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இங்கே வருவதற்கு முன்பிருந்தே, பத்து வருஷமாக அட்டையோடு இருப்பவர். பசை அறைக்கு நடந்தார். நான் சீட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பசை மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் துடுப்பை வைத்துவிட்டு நின்றான்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"பத்து வாளிக்கு மூணு வாளி அதிகம் மாமா."

"எதுக்குடா?"

"நீங்க சாப்பிடலையே மாமா."

மேனேஜர் கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். குமிழி வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது. "தீயக் கொறை, அடிப்பிடிக்குது" என்றார். பிறகு அலுவலகத்துக்குப் போனார்.

மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "ஈரம் இல்லாம மூணு மாசத்தையும் போடுங்கண்ணே" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார், கழித்தார். பெரிய ஷெட் கடிதம் வந்தபோது எங்கே இருந்ததோ அதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. மூன்று மாதத்தில் நிஜமாகவே ஏறியது சின்ன ஷெட்டின் எடைதான். மாத்திரைக் கம்பெனி ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தது. கரும்பலகையில் மொத்தம் ஒரே எண் என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கலாம். நான் கூட்டிப் பார்க்கவில்லை.

அவர் முதலாளிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசைமேல் வைத்தே பேசினார். அதனால் எனக்கும் கேட்டது.

"சார், தப்பு என்னோடது. பசை ஈரத்த எடையா நெனச்சுட்டேன். ஆறப்போடறதையும் நான்தான் நிறுத்தினேன். வேற யாருக்கும் சம்பந்தமில்ல. சின்ன ஷெட்டு நல்லாத்தான் இருந்துச்சு சார். அத மூடினது தப்பான முடிவு."

"தப்புன்னு யார் சொன்னா?" முதலாளியின் குரல் சாவகாசமாக இருந்தது. பின்னால் யாரோ தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. "நல்ல முடிவுதான் எடுத்திருக்கீங்க. எனக்கு அந்த எடம் வேண்டியிருந்துச்சு. கிடங்குக்குக் கேட்டிருந்தாங்க, பேசி முடிச்சாச்சு. நானா மூடியிருந்தா நாப்பது பொம்பளைங்க வந்து கேட்டுல நிப்பாங்க. நீங்க எண்ணக் காட்டி அழகா முடிச்சுட்டீங்க."

"எண்ணே தப்பு சார்."

"அது தப்பா இருந்தா என்ன, முடிவு சரிதானே? பழக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். பசைய என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க, எனக்குத் தெரிய வேணாம். போர்டுல எழுதறீங்களாமே, அந்த எண்ணு எறங்காம பார்த்துக்குங்க. சரியா?"

"சரி சார்" என்றார் மேனேஜர்.

போனை வைத்த பிறகு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். கோபப்படுவார், ராஜினாமா எழுதுவார் என்றுகூட நினைத்தேன். அவர் மேசைமேல் சிந்தியிருந்த பென்சில் தூளை உள்ளங்கையில் ஒட்டியெடுத்து ஜன்னலுக்கு வெளியே தட்டினார். "மணி ஒண்ணாகுது, சாப்பிடப் போலாமா?" என்றார்.

மூன்று பேருமாக நடந்தோம். நடுவில் மேனேஜர், கொஞ்சம் தள்ளிப் பசை மாஸ்டர், பின்னால் நான். சின்ன ஷெட்டின் கதவு திறந்திருந்தது. யாரோ உள்ளே அளவு நாடாவை இழுத்துப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். சுவரில் பெண்கள் பை மாட்டுகிற ஆணிகள் வரிசையாக இருந்தன. நாங்கள் நிற்கவில்லை.

மேசையில் நான்கு தட்டு வைத்திருந்தாள் மனைவி. அக்கா ஜன்னலோரம் செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் உட்காராமல் அவள் முன்னால் போய் நின்றார்.

"பெட்டியெல்லாம் திரும்பி வந்துருச்சுக்கா."

"ம்."

"ஈரம்."

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

"பத்தொம்பது வருஷமா காகிதத்தத் தொடறேன். தெரியாமலா இருக்கும்."

"சொல்லியிருக்கலாம்லக்கா."

அக்கா மடிப்பதை நிறுத்தினாள். "சொன்னேனே. கொண்டுவந்து உன் தட்டுக்கு முன்னாடி வச்சேன். நீ அதும்மேல தண்ணி ஜக்க வச்ச."

"இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம்."

"கத்தினா என்னன்னு நெனச்சிருப்ப? எம் பொழப்பக் காப்பாத்திக்கக் கத்தறேன்னுதானே? எண்ணு பேசினா கேக்கற, நான் பேசினா அக்கா பேசறான்னு கேக்கற." கோபமாகச் சொல்லவில்லை. எங்கேயோ கேட்டதைத் திருப்பிச் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்குவரை நான் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

"ஷெட்டத் தொறக்க முடியாதுக்கா. முதலாளி எடத்தக் கிடங்குக்குக் குடுத்துட்டாரு."

"தெரியும். நேத்து சாயங்காலமே வந்து அளந்துட்டுப் போனாங்க. வாசல்ல நின்னு பார்த்தேன்."

பசை மாஸ்டர் கதவருகிலேயே நின்றிருந்தான். "டேய், உள்ள வா, சோறு ஆறுது" என்றாள் மேனேஜர் மனைவி. அவன் வரவில்லை.

மேனேஜர் அடுப்பருகே போய்க் குனிந்தார். அலமாரிக் கீழ்த்தட்டில் அந்தப் பெட்டி இருந்தது. நிறைய வெங்காயம் போட்டிருந்தது. அதை இழுத்து வெங்காயத்தைத் தரையில் கொட்டினார். நான்கைந்து உருண்டு மேசைக்கு அடியில் போயின. வெறும் பெட்டியைத் தரையில் வைத்தார். ஜக் இருந்த மூலை மட்டும் ஒடுங்கி, அப்படியே காய்ந்திருந்தது. மற்றபடி நன்றாக நின்றது. உள்ளங்கையால் அழுத்தினார். அது அசையவில்லை. இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். பிறகு திரும்பி அதன்மேல் மெல்ல உட்கார்ந்தார். வளர்ந்த ஒரு ஆள், மேனேஜர், முழங்கால் இரண்டும் மார்புக்கு நேரே வர, அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். பெட்டி தாங்கியது.

"நல்லா இருக்கேக்கா" என்றார்.

"நல்ல பெட்டிதான்" என்றாள் அக்கா. "ஒரு நாள் ஆறப்போட்டிருந்தா போதும்."

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கையிலிருந்த தாள்களை ஜன்னலோரம் வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மடி நிறைந்ததும் அவர் பக்கத்தில் வந்து, அவர் எழுந்திருக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.